பதினான்காம் பக்கமும் பதினைந்தாம் பக்கமும்

என் அக்காவை உட்கார வைத்து ஒரு டம்ளர் காபி கொடுப்பது, ஓடுகிற பேருந்தில் ஊசிக்கு நூல் கோர்ப்பது மாதிரி. டம்ளரை வாங்கிக்கொண்டு சன்னலுக்குப் போவாள், அங்கிருந்து அடுப்பங்கரைக்குப் போவாள், ஆறிப்போன காபியை எங்கேயாவது வைத்துவிட்டு மறந்துவிடுவாள். என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்தால் இன்னும் மோசம். நான் விலை வாரியாக அடுக்கி வைத்திருக்கும் ஃபிரேம்களை எல்லாம் நிறம் வாரியாக மாற்றி அடுக்கிவிட்டுத்தான் போவாள்.

"ஒரு இடத்துல உக்காருக்கா, எனக்குத் தலை சுத்துது."

"அப்ப நீ கண்ணை மூடிக்கோடா."

குடிநீர் வாரியத்தில் புகார்ப் பிரிவில் அவளுக்கு முப்பது வருட வேலை. குழாய் உடைந்தது, தண்ணீர் கலங்கலாக வருகிறது, சாக்கடை மூடியைத் திறந்து போட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று நாள் முழுக்க ஊரே அவள் காதில்தான் கத்தும். அவள் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு, ஒயர் எட்டுகிற தூரம் வரை நடந்துகொண்டே பதில் சொல்வாள். அந்த ஒயரை இதுவரை மூன்று முறை மாற்றியிருக்கிறார்கள்.

இப்படிப்பட்டவளுக்கு மாலை நேரங்களில் இன்னொரு வேலை இருந்தது. சொன்னால் சிரிப்பீர்கள். எங்கள் ஊர்க் கச்சேரி மண்டபத்தில் பியானோ வாசிப்பவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பக்கம் புரட்டுவாள். சின்ன வயதில் பக்கத்து வீட்டு டீச்சரிடம் ஆறு வருடம் கற்றுக்கொண்டாள். விரல் வரவில்லை, கண் நன்றாக வந்தது. எவ்வளவு வேகமாக வாசித்தாலும் இசைத்தாளில் எந்த இடம் ஓடுகிறது என்று தப்பாமல் சொல்வாள். புதிய உருப்படி என்றால் வாசிப்பவருக்கு மனப்பாடம் ஆகியிருக்காது, இரண்டு கைக்கும் ஓய்வு இருக்காது. அப்போது அக்காவைக் கூப்பிடுவார்கள்.

அந்த வேலைக்கும் சட்டதிட்டங்கள் உண்டு. வளையல் கூடாது, வாசனை கூடாது, தும்மல் கூடவே கூடாது. இடப்பக்கம், கொஞ்சம் பின்தள்ளி உட்கார வேண்டும். ஒரு வரி மிச்சம் இருக்கும்போது சத்தமில்லாமல் எழுந்து, தாளின் மேல்முனையைப் பிடித்துக்கொண்டு, வாசிப்பவர் தலையசைத்ததும் புரட்ட வேண்டும். பிடிப்பதற்கு வாகாக முன்கூட்டியே ஒவ்வொரு தாளின் முனையையும் லேசாக மடித்து வைப்பாள். அந்த மடிப்புதான் வினையாகப் போனது.

எங்கள் ஊரில் ஒரு இசையமைப்பாளர் இருந்தார். எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். மொத்தம் நாற்பது உருப்படிகள் எழுதினார். நாற்பதும் மேடை ஏறின, கைதட்டல் வாங்கின, பேப்பரில் வந்தன. ஆனால் கடையில் இசைத்தட்டாக வந்தவை இருபத்து மூன்றுதான். மீதி பதினேழும் ஒரு மாலை, மிஞ்சினால் இரண்டு மாலை வாசிக்கப்பட்டதோடு சரி. அன்றைக்கு மண்டபத்தில் இருந்தவன் கேட்டான், இல்லாதவனுக்கு இல்லை. இந்தக் கணக்கெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், எங்கள் தெரு மருந்துக்கடைக்காரர் சொல்லிச் சொல்லித்தான். 'மேடை ஏறியும் கடைக்கு வராதவை' என்று தலைப்புப் போட்டு ஒரு நோட்டு வைத்திருந்தார். எந்தத் தேதி, எந்த மண்டபம், யார் வாசித்தார், எத்தனை நிமிடம், எல்லாம் அதில் இருக்கும். தலைவலி மாத்திரை கேட்டுப் போனவனுக்கும் பதினேழையும் ஒப்பித்த பிறகுதான் மாத்திரை கிடைக்கும்.

அந்தப் பதினேழில் ஒன்று இருபத்தெட்டாம் உருப்படி. தனிப் பியானோவுக்கு எழுதியது. இருபத்தோரு வருடத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை மேடை ஏறியது. பக்கம் புரட்டியது அக்கா.

மாஸ்டர் அதைக் கடைசி நிமிடம் வரை திருத்திக்கொண்டே இருந்தார். கச்சேரி அன்று பிற்பகல்தான் தைத்த புத்தகம் கைக்கு வந்தது. பியானோக்காரர் ஒரு முறை ஓட்டிப் பார்த்தார். அக்கா அவசர அவசரமாக முனைகளை மடித்தாள். நடுவில் ஓரிடத்தில் இரண்டு தாளைச் சேர்த்து ஒரே மடிப்பாக மடித்துவிட்டாள். அவளுக்கே தெரியாது.

மாலை பதின்மூன்றாம் பக்கம் முடிகிற இடத்தில் எழுந்தாள், முனையைப் பிடித்தாள், தலையசைப்பு வந்ததும் புரட்டினாள். எதிரே இருந்தது பதினாறாம் பக்கம். பதினான்கும் பதினைந்தும் இரண்டு தாளுக்கு நடுவே மாட்டிக்கொண்டன. திருப்பிப் புரட்ட நேரமில்லை. அந்த இரண்டு பக்கத்திலும் இருந்தது நாலு நிமிடத்துக்கு வருகிற மெதுவான பகுதி. பதினாறில் தொடங்குவது முடிவின் ஆர்ப்பாட்டம். பியானோக்காரர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. எதிரே என்ன இருந்ததோ அதை வாசித்துத் தள்ளிவிட்டார். அமைதியாக அடங்கப்போகிறது என்று எல்லோரும் சாய்ந்து உட்கார்ந்த நேரத்தில் தலையில் இடி இறங்கியது. மண்டபம் எழுந்து நின்று தட்டியது.

மேடைக்குப் பின்னால் அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பியானோக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "வாயத் திறக்காத. நல்லாத்தான் போச்சு" என்றார். அவரும் அடுத்த வருடமே போய்ச் சேர்ந்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்துப் பேப்பரில் அந்த இடத்தைத்தான் தூக்கி வைத்துக் கொண்டாடியிருந்தார்கள். கீழேயே மாஸ்டரின் பேட்டி. "அங்கே ஒரு மெதுவான பகுதி இருந்தது. கச்சேரிக்கு முந்தின நாள்தான் மனதைக் கல்லாக்கிக்கொண்டு வெட்டினேன்" என்று சொல்லியிருந்தார்.

அக்கா அந்தப் பேப்பரைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு ஓடி வந்தாள். "வெட்டலடா. நான் கோட்டை விட்டேன். இவர் ஏன் இப்படிச் சொல்றார்? நான் போய்ச் சொல்லிடட்டுமா?"

நான் ஒரு கிழவருக்குக் கண்ணாடி மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அவரே மூடி வெச்சுட்டார், நீ ஏன் தோண்டுற? கம்முன்னு இரு" என்றேன். பெரிய அறிவாளி மாதிரி சொன்னேன். அக்கா என் பேச்சைக் கேட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

அதற்குப் பிறகும் மாஸ்டரின் உருப்படிகளுக்கு அவள் ஆறு முறை பக்கம் புரட்டினாள். முதல் முறை அவர் மேடைக்கு வந்து, புத்தகத்தின் முனையைத் தடவிப் பார்த்துவிட்டு, "மடிப்பெல்லாம் தனித்தனியா இருக்காம்மா?" என்று மட்டும் கேட்டாராம். இருக்கிறது என்று அவள் தலையாட்டினாள். அவர் சிரித்தார், போய்விட்டார். இருவருக்கும் தெரியும், இருவரும் பேசவில்லை. அவள் காலில் சக்கரம் கட்டிக்கொண்டது பிறவியிலேயேதான். ஆனால் அது உருளுகிற சத்தம் எனக்குக் கேட்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

மாஸ்டர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. மருந்துக்கடைக்காரர் விடாக்கண்டன். எங்கெங்கோ கடிதம் எழுதி, ஒரு ஒலிப்பதிவுக் கம்பெனியைச் சம்மதிக்க வைத்துவிட்டார். பதினேழையும் பதிவு செய்வார்கள், அடுத்த மாதம் வருவார்கள், எட்டே நாள்தான் இருப்பார்கள். தெரு முழுக்கத் தரையில் கால் படாமல் நடந்தார். ஒரு வாரம் கழித்து என் கடைக்கு வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. அக்கா அப்போது ஃபிரேம்களைக் கலைத்துக்கொண்டிருந்தாள்.

"பதினாறுக்குச் சரின்னுட்டாங்க மாஸ்டர் வீட்டம்மா. ஒண்ணுக்கு மட்டும் முடியாதாம்."

"ஏனாம்?"

"சொல்ல மாட்டேங்கறாங்க. இன்னொரு தடவை கேட்டா அந்தப் புத்தகத்தையே கிழிச்சு அடுப்புல போட்டுடுவேன்றாங்க. உலகத்துல அது ஒரே பிரதிங்க. போச்சுன்னா போச்சு."

"எந்த உருப்படி?" என்று அக்கா கேட்டாள்.

"இருபத்தெட்டு."

அவள் கையில் இருந்த ஃபிரேம் கீழே விழுந்து அதன் கால் முறிந்தது.

அதற்குப் பிறகு ஒரு வாரம் என்னை அவள் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமில்லை. காலையில் போன், மத்தியானம் போன், கடையைச் சாத்தும்போது போன். "அவங்களுக்கு ஏதோ தெரிஞ்சிருக்குடா. என் மேல இருக்கிற கோவமோ?" என்பாள். "உன் மேல கோவம்னா உன்னை அடுப்புல போடணும், புத்தகத்தை எதுக்குப் போடணும்?" என்பேன். என் மனைவி சொன்னாள், "உங்க அக்கா போன் பண்ணா எடுக்காதீங்க, நேரா போய்க் கதவைத் திறங்க. பேசிக்கிட்டே வந்திருப்பாங்க." அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமை காலை வந்து நின்றாள். "கெளம்புடா. சொல்லிடப் போறேன். நான் சொல்லாம அது சாம்பலாச்சுன்னா அப்புறம் எனக்குத் தூக்கம்னு ஒண்ணு கிடையாது."

மாஸ்டர் வீடு இரண்டாவது மாடி. கதவைத் திறந்த அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். முதுகு இன்னும் கோடு போட்டதுபோல் நேராக இருந்தது. மூக்குக்கண்ணாடி பவர் தப்பு என்று பார்த்ததுமே தெரிந்தது, ஆனால் அதைச் சொல்லவா போயிருந்தோம். கூடத்தில் பியானோ. அதன் மேல் துணி போர்த்தி, மடித்த துண்டுகளை அடுக்கி வைத்திருந்தார்.

"மருந்துக்கடைக்காரர் அனுப்பினாரா?"

"இல்லம்மா, நானாத்தான் வந்தேன். அந்த இருபத்தெட்டாவது..."

அவர் பேச்சை முடிக்க விடவில்லை. உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்து வந்து, துண்டுகளைத் தள்ளிவிட்டு, பியானோ மேலேயே விரித்தார். பதினான்கு, பதினைந்து. இரண்டு பக்கத்துக்கும் குறுக்கே சிவப்புப் பென்சிலில் பெரிய பெருக்கல் குறி. கீழே மாஸ்டர் கையெழுத்தில் 'நீக்கம்'. அதற்கும் கீழே தேதி.

"பாத்துக்கோ. எனக்கு ஆபரேஷன் ஆகி நாப்பது நாள் படுக்கையில கிடந்தேன். அப்ப எனக்காக எழுதினது இந்த ரெண்டு பக்கம். 'இது உன் பக்கம்'னு சொல்வார். கச்சேரி அன்னைக்குக் காலையில எனக்கு மாத்திரை எடுத்துக் குடுத்துட்டு, 'சாயங்காலம் உன் பக்கம் வரும், கேளு'ன்னார். நானும் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டுப் போய் மூணாவது வரிசையில உக்காந்தேன். இதோ வருது, இதோ வருதுன்னு பாத்தா டமார்னு ஒரு சத்தம். முடிஞ்சுபோச்சு. ஊரே எந்திரிச்சுக் கை தட்டுது, நான் மட்டும் உக்காந்திருக்கேன். அப்புறம் பேப்பர்ல படிச்சேன், முந்தின நாளே வெட்டிட்டாராம். இங்க தேதியும் போட்டிருக்கார் பாரு. வெட்டினதை வெட்டிட்டு, காலையில வந்து என்கிட்ட வரும்னு சொன்ன மனுஷன்!"

அக்கா இதற்குள் கூடத்தை நாலு சுற்றுச் சுற்றிவிட்டாள்.

"ஒரு இடத்துல நில்லும்மா."

நின்றாள். "அம்மா, அன்னைக்கு இதுல சிவப்பு இல்ல."

"என்ன?"

"கச்சேரி அன்னைக்கு சாயங்காலம் இந்தப் பக்கம் சுத்தமா இருந்துச்சு. மத்தியானம் ஓட்டிப் பாத்தப்ப இதையும் சேத்துத்தான் வாசிச்சாங்க. மேடையில நான்தாம்மா புரட்டினேன். ரெண்டு தாளைச் சேத்துப் புரட்டிட்டேன். மூலையைப் பாருங்க, ஒரே மடிப்பு. அவர் வெட்டல. இந்தத் தேதி அவர் பின்னால போட்டது."

அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு முனைகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார். மடிப்புக் கோடு அப்படியே பொருந்தியது.

"பத்தொம்பது வருஷம்," என்றார். "சாப்பிட வாங்க, கதவைச் சாத்துங்க, இதைத் தவிர அந்த மனுஷன்கிட்ட நான் ஒரு வார்த்தை பேசினதில்ல. சாகற அன்னைக்குக்கூட. நீ எங்க இருந்த அப்பல்லாம்?"

"குடிநீர் வாரியத்துல," என்றாள் அக்கா. கேட்டதற்குப் பதில். வேறு என்ன சொல்வாள், பாவம்.

அம்மா அவளை உற்றுப் பார்த்தார். "புகார்ப் பிரிவா? அந்தக் குரல்தானா! எங்க வீட்டுக் குழாய் ரெண்டு தடவை ஒழுகி உனக்குத்தானே போன் பண்ணேன்? பேரு, விலாசம் எல்லாம் கேட்டு எழுதிக்கிட்டியே. குழாய்க்கு ஆள் அனுப்பத் தெரிஞ்சுது, இதைச் சொல்ல வாய் வரலையா உனக்கு?"

அக்கா அழ ஆரம்பித்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. "நான்தாம்மா சொல்ல வேண்டாம்னு தடுத்தேன்."

"நீங்க யாரு?"

"தம்பி."

"கூடப் பிறந்ததுக்கு நல்லா யோசனை சொல்லியிருக்கீங்க. ரெண்டு பேரும் கெளம்புங்க."

கிளம்பினோம். தெருமுனையில் அக்கா, "கிழிச்சுடுவாங்களாடா?" என்று கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? கிழித்தால் நியாயம்தான் என்றுகூடத் தோன்றியது. என் வாயில் வந்த ஒரு அலட்சியமான வார்த்தை ஒரு வீட்டில் பத்தொன்பது வருடம் ஊமையாக உட்கார்ந்திருக்கிறது. அன்றைக்குக் கடையைத் திறக்கப் பிடிக்கவில்லை.

பத்து நாள் சத்தமே இல்லை. பதினோராம் நாள் மருந்துக்கடைக்காரர் செருப்பைக்கூட ஒழுங்காகப் போடாமல் ஓடி வந்தார். "சரின்னுட்டாங்க! ஆனா ரெண்டு கண்டிஷன். அந்த ரெண்டு பக்கத்தையும் சேத்து வாசிக்கணுமாம். உங்க அக்காதான் புரட்டணுமாம். என்னங்க நடக்குது?"

ஒலிப்பதிவு அதே மண்டபத்தில், மத்தியானத்தில். நாற்காலிகள் எல்லாம் காலி. விசிறிகளை நிறுத்தியதில் புழுக்கம் தாங்கவில்லை. வாசித்தவர் முப்பது வயதுப் பெண். அவர் எல்லாவற்றையும் கணினித் திரையில் பார்த்து வாசிப்பவர். தாள் சத்தம் பதிவில் விழும் என்று கம்பெனி ஆளும் முணுமுணுத்தார். "விழட்டும்" என்றார் அம்மா. அக்கா புத்தகத்தை வாங்கி, பழைய மடிப்பை நீவிவிட்டு, ஒவ்வொரு தாளையும் எண்ணி எண்ணித் தனித்தனியாக மடித்தாள்.

அம்மாவும் மருந்துக்கடைக்காரரும் நானும் பக்கத்து அறையில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தோம். பதின்மூன்றாம் பக்கம் முடிகிற இடத்தில் அக்கா எழுந்தாள். முனையைப் பிடித்தவள் விரலால் இரண்டு முறை தேய்த்துப் பார்த்தாள். புரட்டினாள். மெதுவான பகுதி ஆரம்பித்தது.

எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் தெரியாதவனுக்கும் சில விஷயம் தெரியும். அதே மூன்று நான்கு சுரங்கள், திரும்பத் திரும்ப, தொட்டுத் தொட்டு, எங்கேயும் போகாமல். ஒரு நிமிடத்தில் மருந்துக்கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். இரண்டாவது நிமிடத்தில் கண்ணைத் திறந்துவிட்டார். மூன்றாவது நிமிடத்தில் நான் கூரையில் விளக்குகளை எண்ணினேன். நாலு நிமிடம் இவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு ஆர்ப்பாட்டம் வந்தது. ஆனால் யாருக்கும் தூக்கிவாரிப் போடவில்லை. அவ்வளவு நேரம் காத்திருந்தால் எந்த இடிதான் இடிக்கும்?

முடிந்ததும் அக்கா உள்ளே வந்து சுவரோரம் நின்றாள்.

அம்மா சொன்னார், "நல்லாவே இல்ல."

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்கம்மா," என்று பதறினார் மருந்துக்கடைக்காரர். "ரொம்ப ஆழமான பகுதி..."

"நீங்க சும்மா இருங்க. நீ சொல்லும்மா. உனக்குத்தான் இதைப் படிக்கத் தெரியும்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை.

"இல்லம்மா," என்றாள். "இது இல்லாம அன்னைக்கு நல்லா இருந்துச்சு."

அம்மா தலையை ஆட்டினார். கோபம் இல்லை. ஒரு கணக்கு நேராகிவிட்டதுபோல் ஆட்டினார். "அவருக்கும் அன்னைக்கே தெரிஞ்சிருக்கு. மண்டபத்துல உக்காந்து கேட்டப்பவே தெரிஞ்சிருக்கு. உனக்குன்னு எழுதினது ஒண்ணுக்கும் ஆகலன்னு என் மூஞ்சியைப் பாத்துச் சொல்ல முடியல. அதுக்குப் பதிலா முந்தின நாள் தேதியைப் போட்டுட்டு உக்காந்துட்டார்."

கம்பெனி ஆள் தயங்கித் தயங்கி உள்ளே எட்டிப் பார்த்தார். "அந்த நாலு நிமிஷத்தை வேணும்னா எடுத்துடலாம்மா. வெட்டினது தெரியாது. உங்க இஷ்டம்தான்."

"இருக்கட்டும்," என்றார் அம்மா. "என் பக்கம் அது."

அவர் சரி என்று போனார். அம்மா எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. அக்கா ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். அம்மா அந்தக் கையை விடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல," என்றார். "'இது சரியா வரல, எடுத்துடட்டுமா'ன்னு. எடுத்துடுங்கன்னு சொல்லியிருப்பேன்."